ஒரு வினைச்சொல்லுக்கு நன்றி

சிஸ்கோ நிறுவனத்தில் சான்றிதழ்த் தேர்வுகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் என்னைத் தெரிந்திருக்க வழியில்லை. பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடமாக நெட்வொர்க் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றால் கேபிள் இழுப்பதில் தொடங்கி ஃபயர்வாலில் ரூல் எழுதுவது வரைக்கும். நடுவில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வெகுகாலம் எங்கள் ஐடி டிபார்ட்மென்ட்டின் மொத்த ஆள்பலம் நான் ஒருவன்தான்.

எங்கள் சர்வர் ரூம் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஏசி போட்ட எட்டடி அறை. ஒரு ரேக், இரண்டு யூபிஎஸ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாமி காலண்டர். காலண்டருக்குப் பக்கத்தில் ஃபிரேம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. சிசிஎன்ஏ செக்யூரிட்டி, 2018 நவம்பர். அந்தப் பெயரில் இன்று சான்றிதழே கிடையாது. 2020 பிப்ரவரி 24ஆம் தேதியோடு அதைத் தூக்கிவிட்டீர்கள். எங்கள் பேச்சில் 'தூக்கிவிட்டார்கள்' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வேலையை விட்டுத் துரத்தினாலும் அதே சொல்தான், கீழே விழுந்தவனைக் கை கொடுத்து நிறுத்தினாலும் அதே சொல்தான். எந்த அர்த்தத்தில் சொல்கிறேன் என்பதைச் சொல்லிமுடிக்கத்தான் இந்த மடல்.

அந்தச் சான்றிதழ் என் சுவருக்கு வந்த கதை ஒரு வைஃபை ரவுட்டரில் தொடங்குகிறது.

2017இல் ஒரு நாள் காலை. ஒன்பதரைக்கு மெர்ச்சண்டைசிங் பிரிவிலிருந்து முதல் போன்: "அண்ணா, சர்வர் வரமாட்டேங்குது." போய்ப் பார்ப்பதற்குள் அக்கவுண்ட்ஸிலிருந்து இன்னொன்று. அப்புறம் பேக்கிங். ஆனால் எல்லோருக்கும் போகவில்லை. பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஒருவருக்கு வேலை செய்கிறது, இன்னொருவருக்கு இல்லை. மொத்தமாகப் போயிருந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தால் என்ன செய்வது? சுவிட்சை அணைத்துப் போட்டேன். அப்படிச் செய்ததும் நன்றாக இருந்த கம்ப்யூட்டர்களில் பாதியும் போய்விட்டன.

முதலாளி வந்து நின்றார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "தம்பி, மத்தியானத்துக்குள்ள பையருக்கு டாகுமென்ட் போகோணும். போகலைன்னா கன்டெய்னர் நிக்கும்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தாலே தேவலாம் என்றிருந்தது.

பன்னிரண்டரைக்குத்தான் புத்தி வந்தது. வேலை செய்யாத ஒரு கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து ஐபி முகவரியைப் பார்த்தேன். எங்கள் வரிசை எண்ணே இல்லை. கேட்வே என்று 192.168.0.1 காட்டியது. அது வீட்டுக்கு வாங்கும் வைஃபை பெட்டியின் முகவரி. அதன் மேக் முகவரியைப் பிடித்து, சுவிட்சின் அட்டவணையில் எந்த போர்ட் வழியாக வருகிறது என்று தேடி, அந்த ஒயரின் பின்னாலேயே நடந்தேன். இரண்டாம் மாடியில் ஒரு மேஜைக்கு அடியில், சேலைத் துணி மூடி, பச்சை விளக்கு மின்ன உட்கார்ந்திருந்தது. அங்கே சிக்னல் சரியாக வருவதில்லை என்று ஒரு மெர்ச்சண்டைசர் தம்பி வீட்டிலிருந்து கொண்டுவந்து சொருகியிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் சாம்பிள் போட்டோ அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெட்டி, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் ரவுட்டரை முந்திக்கொண்டு தன் முகவரிகளை வாரி வழங்கிக்கொண்டிருந்தது. நல்ல எண்ணம் உள்ளவர் செய்ததே இப்படி. கெட்ட எண்ணம் உள்ளவர் ஒருவர் அதே பெட்டியைச் சொருகி, கம்பெனியின் மொத்தப் போக்குவரத்தையும் தன் வழியாகத் திருப்பிவிட்டிருந்தால்? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் அப்போதே சிசிஎன்ஏ முடித்தவன். ரூட்டிங் அண்ட் சுவிட்சிங் பிரிவு. இந்தத் தொல்லைக்கு மருந்து டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்று அந்தப் பாடத்தில் படித்திருந்தேன். பெயர் தெரியும். போடத் தெரியாது. ஏன் தெரியாது என்று பிற்பாடு பழைய பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 200-125 என்ற அந்தத் தேர்வில் அணுகு மட்டத்தில் வரும் ஆபத்துகளைத் தடுக்கும் முறைகள் என்று ஒரு தலைப்பு. அதற்குள் ஸ்னூப்பிங்கும் ஒன்று. தலைப்பின் முன்னால் நின்ற வினைச்சொல் 'விவரி'. நான் நன்றாக விவரிப்பேன். யாராவது கேட்டிருந்தால் பத்து நிமிடம் விவரித்திருப்பேன்.

உங்கள் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லில் தொடங்குகிறது. விவரி, விளக்கு, ஒப்பிடு, அமை, சரிபார், பழுது கண்டுபிடி. தேர்வு எழுதுகிறவன் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்தான் முடிவு செய்கிறது. 'விவரி' என்றால் புத்தகத்தோடு நிற்கலாம். 'அமை' என்றால் சுவிட்சில் கை வைத்தாக வேண்டும். மாணவன் சோம்பேறி என்று சொல்லவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு ராத்திரி பதினொன்றுக்கு மேல் படிக்கிறவன் கேட்டதைத்தான் படிப்பான்.

அமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அப்போது வேறு தாள் இருந்தது. 210-260, சிசிஎன்ஏ செக்யூரிட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய்ப் படித்தேன். ஸ்னூப்பிங் மட்டுமில்லை, ஏஎஸ்ஏ ஃபயர்வால், மண்டலம் பிரித்துப் போடும் ஃபயர்வால், இரண்டு கிளைகளுக்கு நடுவே ஐபிசெக் விபிஎன், எல்லாம் கை வலிக்க அடித்துப் பழகினேன். எங்கள் வாத்தியார் டம்ப்ஸ் என்ற வார்த்தையைச் சொன்னாலே வெளியே அனுப்பிவிடுவார். வெளியில் இருந்த நிலைமை வேறு; கேள்வியையும் பதிலையும் அப்படியே உருப்போட்டு, விபிஎன் என்றால் என்னவென்று தெரியாமலே விபிஎன் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்த வியாதி இன்றும் தீரவில்லை.

முதல் தடவை ஸ்னூப்பிங் போட்ட அன்று என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சக தொழிலாளிகள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஞாயிறு மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்துக் கட்டளையை அடித்தேன். திங்கள் காலை ஒருவருக்கும் முகவரி கிடைக்கவில்லை. திருட்டுப் பெட்டியைத் தடுக்கப் போய் எங்கள் ரவுட்டரையே தடுத்திருக்கிறேன். ரவுட்டர் இருக்கும் பக்கத்து போர்ட்டை நம்பகமானது என்று ஒழுங்காகத்தான் அறிவித்திருந்தேன். ஆனால் ஸ்னூப்பிங் போட்டவுடன் சுவிட்ச் தானாகவே ஒவ்வொரு கோரிக்கையிலும் ஆப்ஷன் 82 என்ற ஒரு துண்டுச்சீட்டை ஒட்டி அனுப்புகிறது. முகவரி கொடுக்கும் எங்கள் ரவுட்டருக்கு அந்தச் சீட்டு பிடிக்கவில்லை, கோரிக்கையையே கீழே போட்டுவிட்டது. ஒரு வரி அடித்து அதை நிறுத்தியதும் சரியானது. புத்தகத்தில் இது இருந்தது. படித்தும் இருந்தேன். கையில் பட்ட பிறகுதான் மறக்கவில்லை.

2018 நவம்பரில் தேர்வில் தேறினேன். உங்கள் தேர்வுகளில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. அந்த விதியை வகுத்தவருக்கு மட்டும் இந்த நன்றியில் பங்கு கிடையாது.

ஏழு மாதம் கழித்து, 2019 ஜூன் 10ஆம் தேதி, சான் டியேகோவில் உங்கள் மாநாட்டில் அறிவித்தீர்கள். ரூட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ், டேட்டா சென்டர், கொலாபரேஷன் என்று வகைக்கொன்றாக இருந்த சிசிஎன்ஏக்கள் இனி இல்லை. ஒரே சிசிஎன்ஏ, ஒரே தேர்வு, எண் 200-301. 2020 பிப்ரவரி 24 முதல். தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கொதித்தேன். கோயம்புத்தூர் பஸ், ஞாயிற்றுக்கிழமைகள், ஃபிரேமுக்குக் கொடுத்த காசு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. வீட்டில், "இதென்ன, பாத்திரம் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள கடையை மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி. ஆமாம் என்றேன். முழு அறிவிப்பையும் படித்திருந்தால் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். பழையதை வைத்திருந்தவர்களுக்குப் புதிய சிசிஎன்ஏவும், செக்யூரிட்டி படித்ததற்குத் தனி பேட்ஜும், மிச்சமிருந்த காலக்கெடு குறையாமல் வந்து சேர்ந்தன. அவசரப்பட்டது நான்தான்.

புதிய தேர்வு வந்த அடுத்த மாதமே ஊரடங்கு. தேர்வு மையங்கள் மூடின. வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம் என்று ஏப்ரலில் வழி திறந்தீர்கள். வீட்டில் எழுதுவது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அறையின் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், மேஜையில் ஒரு துரும்பு இருக்கக்கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது, வாய் முணுமுணுக்கக்கூடாது. அப்படித்தான் 2021இல், அடுத்த படியான சிசிஎன்பி செக்யூரிட்டியின் மையத் தாளான ஸ்கோர் தேர்வை எழுதினேன். 350-701, இரண்டு மணி நேரம், 400 டாலர். கதவுக்கு வெளியே அம்மாவைக் காவலுக்கு உட்கார வைத்தேன். அவர் காவல் காத்த லட்சணம், தேர்வு முடியும் வரை அந்தப் பக்கம் வந்த ஒவ்வொருவரிடமும் "உஷ், பையன் பரிட்சை எழுதறான்" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். தேர்வுக் கண்காணிப்பாளருக்குத் தமிழ் காதில் விழவில்லையோ, விழுந்தும் இரக்கப்பட்டாரோ.

இவையெல்லாம் நன்றிக்குக் காரணம் இல்லை. காரணம் 2022இல் வந்தது.

என்னிடம் வேலை பழக ஒரு பெண் சேர்ந்தாள். பல்லடம் பக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, புதிய சிசிஎன்ஏவும் எழுதி வந்திருந்தாள். முன்னனுபவம் எதுவும் இல்லை. எங்களுக்குப் புதிதாக ஒரு யூனிட் கட்டி முடித்திருந்த சமயம். சுவிட்சுகளை வெளியாள் ஒருவர் மாட்டிவிட்டுப் போயிருந்தார். நான் ஷிப்மென்ட் நெருக்கடியில் சரிபார்க்கவில்லை. வந்த முதல் வாரத்தில், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"அண்ணா, புது யூனிட் சுவிட்ச்ல ஸ்னூப்பிங் போடாம விட்டிருக்காங்க. போட்டுடட்டுங்களா? ஆப்ஷன் 82ஐ எடுத்துட்டுப் போட்டுடறேன்."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஒரு காலைப்பொழுதைத் தொலைத்து, இரண்டாம் மாடியில் ஒயர் பின்னால் நடந்து, தனியாக ஒரு தாள் எழுதி, ஒரு திங்கட்கிழமையை நாசமாக்கி நான் தெரிந்துகொண்டதை, இருபத்திரண்டு வயதுப் பெண் ஸ்க்ரூ டிரைவர் கேட்பது மாதிரி கேட்கிறாள். "எங்கம்மா படிச்சே?" என்றேன். "சிசிஎன்ஏலயே இருக்குங்கண்ணா. லேப் பண்ணித்தானே ஆகோணும்" என்றாள். பாக்கெட் ட்ரேசரில் செய்து பார்த்திருக்கிறாள். அதற்குக் காசு கிடையாது, சுவிட்ச் வாங்க வேண்டியதும் இல்லை.

அன்று சாயந்திரம் உங்கள் 200-301 பாடத்திட்டத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். ஆறு பகுதிகள். ஐந்தாவது, பாதுகாப்பின் அடிப்படைகள், மொத்தத்தில் 15 விழுக்காடு. அதில் ஏழாவது வரி: இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பு வசதிகள். அடைப்புக்குறிக்குள் டிஹெச்சிபி ஸ்னூப்பிங், டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன், போர்ட் செக்யூரிட்டி. வரியின் முதல் சொல் 'அமை'.

'விவரி' என்பதை அடித்துவிட்டு 'அமை' என்று எழுதியவர் உங்களில் யார்? ஒருவரா, கூடிப் பேசி முடிவெடுத்தீர்களா? எதிர்ப்பு இருந்ததா? "சுவிட்ச் பாடம் படிக்க வருகிற பையனுக்கு எதற்கு இது, அதற்குத்தான் செக்யூரிட்டி தாள் இருக்கிறதே" என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். எங்கள் கம்பெனியிலும் அதையேதான் சொன்னார்கள். பாதுகாப்பு என்றால் அதற்கென்று ஒரு ஆள் இருப்பான், அவன் பார்த்துக்கொள்வான். திருப்பூரில் நூறு பேர் வேலை செய்யும் கம்பெனியில் அப்படி ஒரு ஆள் இருப்பதில்லை. சுவிட்ச் மாட்டுகிறவன்தான் எல்லாம். மாட்டும்போதே அவன் பூட்டவில்லையென்றால் பிறகு யாரும் வந்து பூட்டப்போவதில்லை. செக்யூரிட்டி என்ற தனித்தாளை நீங்கள் தூக்கியதன் மறுபாதி, அதில் கொஞ்சத்தை அடிப்படைத் தாளுக்கு இறக்கியது. அந்தக் கொஞ்சம் எங்கள் புது யூனிட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லுக்கு நன்றி.

இன்னொருவர் சார்பிலும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் சாயப்பட்டறைகளுக்கும் நிட்டிங் யூனிட்டுகளுக்கும் நெட்வொர்க் போட்டுத் தரும் ஒரு அண்ணன் இருக்கிறார். டிப்ளமோ படித்தவர். தடியான கோஆக்ஸியல் கேபிள் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறார். எனக்குச் சந்தேகம் வந்தால் நான் கேட்பது அவரிடம்தான். ஒரு சான்றிதழும் கிடையாது. சில வருடங்களாக ஏற்றுமதிக் கம்பெனிகளில் வேலை கேட்டுப் போனால், சர்டிஃபைடு ஆள் இருக்கிறாரா என்று கேட்க ஆரம்பித்தார்கள். பழைய முறையில் அவர் சிசிஎன்பி செக்யூரிட்டிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அடிப்படைத் தாள், அதன்மேல் சிசிஎன்ஏ செக்யூரிட்டி, அதன்மேல் நான்கு தாள். குறைந்தது ஆறு தடவை உட்கார வேண்டும். "இருபத்தஞ்சு வருசம் கேபிள் இழுத்தவன்கிட்ட சப்நெட் போடத் தெரியுமான்னு கேட்டா கோவம் வருமுங்களா வராதுங்களா?" என்பார்.

2020க்குப் பிறகு முன்தகுதி எதுவும் வேண்டாம் என்றீர்கள். ஒரு மையத் தாள், அதோடு நமக்குப் பிடித்த ஒரு சிறப்புத் தாள், மொத்தம் இரண்டு. ஃபயர்வாலா, அடையாளச் சரிபார்ப்பா, மின்னஞ்சலா, வெப்பா, விபிஎன்னா, ஆட்டோமேஷனா என்று நாமே தேர்ந்துகொள்ள முடிந்தது. அண்ணன் ஸ்கோரில் ஒரு தடவை தவறி, இரண்டாம் தடவை தேறினார். சிறப்புத் தாளாக விபிஎன் எடுத்தார். எத்தனை பட்டறைகளைத் தலைமை அலுவலகத்தோடு விபிஎன்னால் கட்டியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை, அதை விட்டு வேறெதை எடுப்பார்? பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து வந்ததில் அவருக்குக் கூச்சம்தான். மகள்தான் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுத்தாள்.

கைவேலைக்கு மதிப்புத் தருவது உங்கள் வீட்டுக்குப் புதிதில்லை என்று ஒரு பழைய கதை சொல்கிறது. 1993இல் நிபுணர் மட்டச் சான்றிதழான சிசிஐஇ தொடங்கியபோது எண்களை 1024இலிருந்து ஆரம்பித்தீர்கள். முதல் எண்ணை எந்த மனிதருக்கும் தராமல் தேர்வு நடக்கும் லேப் அறைக்கே கொடுத்தீர்கள். அடுத்த எண்தான் அந்த லேபை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிக்ஸுக்கு. பட்டறைக்கு முதல் மரியாதை! ஆயுத பூஜை கொண்டாடும் எங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

பல்லடத்துப் பெண் என்னிடம் ஒன்றரை வருடம்தான் இருந்தாள். சைபர்ஆப்ஸ் என்று நீங்கள் தனியாக ஒரு பாதை போட்டிருந்தீர்களே, முன்பு இரண்டு தாளாக இருந்து 2020 மே மாதத்தில் ஒரே தாளானது, 200-201. அதை எழுதிவிட்டுப் பெங்களூருவில் ஒரு கண்காணிப்பு மையத்துக்குப் போய்விட்டாள். ராத்திரி ஷிஃப்ட்டில் உட்கார்ந்து, வரும் அலர்ட்டுகளில் எது நிஜம் எது சும்மா என்று பிரிக்கிற வேலை. அந்தத் தாளை அவளோடு உட்கார்ந்து நானும் புரட்டினேன். ஆச்சரியமாக இருந்தது. உங்கள் பெட்டிகளின் பெயரை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்துப் படிப்பது, விண்டோஸிலும் லினக்ஸிலும் லாக் எங்கே கிடக்கும், சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது, தாக்குதல் எந்தப் படியில் நிற்கிறது, தடயத்தை எப்படிக் கெடாமல் வைப்பது. பெட்டி விற்கும் கம்பெனி தன் பெட்டியைப் பற்றிப் பேசாமல் ஒரு தாள் போட்டிருக்கிறது என்றால் அதை நான் மதிக்கிறேன். ஸ்கோர் தாளைப் பற்றி இதையே சொல்ல முடியாது. அம்ப்ரெல்லா, ஸ்டெல்த்வாட்ச், ஏஎம்பி என்று உங்கள் சரக்குகளின் பெயரை மனப்பாடம் செய்து முடித்தபோது, அவற்றில் சிலவற்றுக்கு செக்யூர் என்று தொடங்கும் புதுப் பெயர் வைத்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் கடன் ஏறினால்தான் இப்படிக் கம்பெனிப் பெயரை மாற்றுவார்கள்.

காசு விஷயம். சிசிஎன்ஏ தேர்வுக்கான 300 டாலர் என்பது வரியோடு சேர்ந்தால் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதச் சம்பளத்தைத் தொடும், சிலருக்குத் தாண்டும். உங்கள் நெட்வொர்க்கிங் அகாடமியில் படிக்கும் மாணவருக்குத் தள்ளுபடி வவுச்சர் உண்டு. படிப்பை முடித்து, வேலைக்கு வந்து, தன் காசில் எழுதுகிறவனுக்குத்தான் இடம் இல்லை. மூன்று வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதிலாவது கையைத் தளர்த்தினீர்கள். முன்பு சிசிஐஇ போன்ற நிபுணர் மட்டச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இருந்த சலுகையை எல்லாப் படிக்கும் இறக்கி, சிசிஎன்ஏவுக்கு 30, சிசிஎன்பிக்கு 80 கிரெடிட் என்று பாடம் படித்தே புதுப்பித்துக்கொள்ளலாம் என்றீர்கள். அவ்வப்போது இலவசப் பாடமும் திறந்துவிடுகிறீர்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2021 முதல் தன் சான்றிதழ்களில் பலவற்றை வருடாவருடம் வீட்டிலிருந்தே, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காசில்லாமல் புதுப்பிக்க விடுகிறது. அதையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு குறை, அதோடு ஒரு வேண்டுகோள்.

தனித்தாளைத் தூக்கியபோது அதிலிருந்த எல்லாமும் கீழே இறங்கி வரவில்லை. ஸ்னூப்பிங் வந்தது. விபிஎன்னும் வந்தது, ஆனால் நீங்கள் அதன் முன்னால் வைத்திருக்கும் சொல் 'விவரி'. என் காலத்தில் சிசிஎன்ஏ செக்யூரிட்டி எழுதியவன் இரண்டு ரவுட்டருக்கு நடுவே ஐபிசெக் விபிஎன்னைத் தானே கட்டுவான். இப்போது சிசிஎன்ஏ முடித்து வருகிறவர்கள் அதைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள். போன வருடம் இன்னொரு தம்பி என்னிடம் சேர்ந்தான், நல்ல பையன். சாயப்பட்டறை விபிஎன் அறுந்த அன்று, இரண்டு கட்டமாக எப்படிப் பேச்சுவார்த்தை நடக்கும், சாவி எப்படி மாறும் என்று பலகையில் படம் போட்டு எனக்கே விளக்கினான். விளக்கி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். 2017இல் முதலாளி முகத்தை நான் பார்த்த பார்வை அது.

ஃபயர்வால் கற்க விரும்புகிற பையன் இப்போது சிசிஎன்ஏவிலிருந்து நேராக ஸ்கோருக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அண்ணன் மாதிரி இருபத்தைந்து வருடம் கேபிள் இழுத்தவருக்கு அந்தத் தாவல் சுலபம். இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு நடுவில் ஒரு படி போய்விட்டது. அந்தப் படியை மறுபடி கட்டச் சொல்லவில்லை. தனித்தாள் வேண்டாம். பழைய பெயரும் வேண்டாம். 2024 ஆகஸ்டில் 200-301ஐ 1.1 என்று திருத்தியபோது செயற்கை நுண்ணறிவையும் இயந்திரக் கற்றலையும் கொண்டுவந்தீர்கள். சரி, காலம் அப்படி. அடுத்த திருத்தத்துக்கு உட்காரும்போது ஐந்தாம் பகுதியில் விபிஎன் பற்றிய அந்த ஒரு வரியைத் திறந்து, 'விவரி' என்பதை அடித்துவிட்டு, 'அமை' என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
சான்றிதழின் பெயரே காலாவதியான, ஃபிரேமை இன்னும் கழற்றாத
ஒரு நெட்வொர்க்காரன்,
திருப்பூர்.